காப்பு அவிழும் வரை

என் தங்கை வீட்டுக்காரரின் வலது கையை ஒடித்துப் போடுவதாகக் கேபிள்காரர் சொன்னது மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கோயிலில் கம்பம் நட்ட நாள் என்பதால் கிழமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மேளம் ஓய்ந்த இடைவெளியில் ஊர் கேட்கச் சொன்னார். கத்தவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் நூல் விலை விசாரிப்பது போலச் சொன்னார்.

“இந்தக் கைக்குத் தொழில் கத்துக் குடுத்ததே நானுங்க. நோம்பி முடியட்டும். கம்பம் ஆத்துல எறங்குனதும் இதையும் ஒடிச்சு அதுக்குப் பின்னாலயே அனுப்பிப்போடலாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். பூசாரி அப்போதுதான் அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் துணியில் காப்புக் கட்டி முடித்திருந்தார். மாப்பிள்ளை அந்தக் கையைத் தூக்கிக் கேபிள்காரருக்குக் காட்டினார். “அவுக்கற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருங்க” என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குமாரபாளையத்தில் எங்கள் பகுதி மாரியம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, சில கட்டுப்பாடுகள் உண்டு. மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை அம்மனுக்கு முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். பெண்கள் தினமும் விடியலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். இரண்டு வாரம் கழித்துப் பிடுங்கிக் காவிரியில் விடுவார்கள். அதுவரை காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அவன் உடம்பிலிருந்து ரத்தம் விழும்படி யாரும் எதுவும் செய்யக் கூடாது. மாப்பிள்ளையை அந்த இரண்டு வாரம் யாரும் தொட முடியாது. அவரும் எங்கேயும் தப்பி ஓட முடியாது. கேபிள்காரர் நோம்பிக் கமிட்டியில் இருந்தவர். அவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

அவர் வாய்ப்பேச்சுக்காரர் அல்ல. எங்கள் தெருக்கள் முழுக்க அவருடைய ஒயர்தான். யாராவது மொட்டைமாடியில் டிஷ் வைத்தால் அவருடைய ஆட்கள் ஏறி வந்து உடைப்பார்கள். ஐப்பசி மாதம் ஒருவர், தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர், “என் ஊடு, என் மாடி” என்று எதிர்த்துப் பேசினார். டிஷ்ஷின் நடுவைக் கடப்பாறையால் பிளந்து, அந்த ஓட்டை வழியாக அவர் தலையை நுழைத்து, மாலை போட்ட மாதிரி தெருக்கோடி வரை நடக்க வைத்தார்கள். தகரத்தின் விளிம்பு ஒரு காதை அறுத்துவிட்டது. காது தொங்க அவர் நடந்துபோனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். மறுநாள் அவர் வீட்டில் கேபிள் ஓடியது.

மாப்பிள்ளை அவரிடம் பல வருஷம் வேலை பார்த்தவர். கண்ட்ரோல் ரூமைக் கட்டிக் கொடுத்ததே மாப்பிள்ளைதான். ஒரு சாயங்காலம் சீரியல் நேரத்தில் படம் போய்விட்டது என்று, வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் கேபிள்காரர் அவரைச் செருப்பால் அடித்தார். மாப்பிள்ளை திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் தன் தறிப்பட்டறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் செய்தது திருட்டுத்தான். அதை நான் மழுப்பப் போவதில்லை. எப்படி என்று கேட்டபோது பாவு நூலை விலக்கிக்கொண்டே விளக்கினார்.

“மேல இருந்து வர்ற படம் எல்லாத்து ஊட்டு மேலயும் ஒண்ணாத்தான் விழுகுது மச்சான். ஆனாப் பூட்டித்தான் விழுகும். சாவி சும்மா இருக்காது. ஒரு மூச்சு உட்டு மறு மூச்சு வாங்கறதுக்குள்ள மாறிப்போவும். மாறுன சாவி என்னன்னு காசு கட்டி வாங்குன கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நான் அந்தக் கார்ட பொட்டிக்குள்ள இருந்து உருவி இதுல சொருகிட்டேன். இனி யார் ஊட்டுப் பொட்டி கேட்டாலும் கம்ப்யூட்டர் கார்டுகிட்டக் கேட்டுச் சொல்லும்.”

“ஒரு கார்டு எத்தனை பேருக்குச் சொல்லும்?”

“அளவாக் கேட்டாச் சொல்லும். கூட்டம் சேந்தா அதுக்கும் மூச்சு வாங்கும். படம் அங்கங்க நின்னு நின்னு ஓடும்.”

ரகசிய எழுத்துகளின் வரலாற்றை நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். பூட்டை உடைத்த கதைகளைவிடச் சாவியைக் கைமாற்றிய கதைகளே அதில் அதிகம். மாப்பிள்ளையும் எதையும் உடைக்கவில்லை. பட்டறையிலிருந்து பக்கத்துப் பட்டறைக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு என்று கூரை வழியாக மெல்லிய ஒயர் போயிற்று. படம் அவரவர் டிஷ்ஷில் வரும், சாவி ஒயரில் வரும். டிஷ்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தெருவிலிருந்து தெரியாதபடி வைத்தார்கள். முதலில் சேர்ந்தவர் பக்கத்துப் பட்டறைக்காரர். ஆள் பெரிய உருவம், வாயும் பெரிது. என் தங்கை அவரை மாமா என்று கூப்பிடுவாள். “செருப்படிக்கு இதுதான் மாப்ள பதிலு” என்று மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தவர் அவர்தான். பிறகு தெருவில் பாதிப் பேர் சேர்ந்தார்கள். என் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. மாசிக்குள் இது மாப்பிள்ளையின் வேலை என்று கேபிள்காரர் மோப்பம் பிடித்துவிட்டார், எந்தெந்த வீடு என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

காப்புக் கட்டியதும் மாப்பிள்ளைக்குத் துணிச்சல் கூடிவிட்டது. யாரும் தொட மாட்டார்கள் என்ற தெம்பில் அந்த வாரமே இன்னும் சில வீடுகளுக்கு ஒயர் இழுத்தார். பட்டப்பகலில், காப்புக் கட்டிய கையால், ஏணி போட்டு. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

கேபிள்காரரும் நோம்பிக் கட்டுப்பாட்டை மீறவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு என்பதால் தறிகள் நின்று தெருவே காது அடைத்த மாதிரி அமைதியாக இருந்தது. நான் தங்கை வீட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வீசுகிறவன் ஓடி வந்து கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை பட்டறைக்கு ஓடினார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கார்டும் அதன் இடத்தில் இருந்தது. பின்சுவரில் ஒயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தார்கள். நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். கேபிள்காரர் வேப்பமரத்து நிழலில் புல்லட்டில் உட்கார்ந்து மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் நின்றால் எங்கள் ஆட்கள் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். மாடிக்குப் போய் டிஷ்ஷைத் திருப்புவார்கள். காற்று அசைத்திருக்கும், காக்கா உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பு. முதலில் பக்கத்துப் பட்டறைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். பிறகு எதிர்வீட்டு மாடியில் ஒருவர். பிறகு வரிசையாகத் தலைகள் முளைத்தன. கேபிளில் ஆட்டம் நிற்காமல் ஓடிய வீடுகளில் ஒருவரும் வெளியே வரவில்லை.

கேபிள்காரர் ஒவ்வொரு தலையையும் பார்த்துக் கும்பிட்டார். “வெயில்ல என்னங்க மாமா மாடீல? டிஷ்ஷு தலையாட்டுதுங்களா?” என்று பட்டறைக்காரரிடம் கேட்டார். பட்டறைக்காரர் காயாத துணியைத் தேடுகிற மாதிரி கொடியைத் தடவினார். கொடியில் ஒன்றும் இல்லை.

மறுநாளிலிருந்து கேபிள்காரர் வீடு வீடாகப் போனார். எங்கும் குரல் உயர்த்தவில்லை. “நோம்பி நல்லபடியா முடியட்டுங்க” என்று மட்டும் சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். கூட வந்த ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் கையில், தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை அடித்து ஓட்டும் கட்டை இருந்தது. கெட்டி மரம், கைக்கு வாகான நீளம். எங்கள் ஊர்ச் சண்டைகளில் அரிவாளைவிட அதுதான் அதிகம் வெளியே வரும். பிடித்தால் பட்டறைச் சாமான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வார முடிவில் தங்கை வீட்டு வாசலில் பெட்டிகள் குவிந்தன. யாரும் கையில் கொடுக்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். தங்கை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். பட்டறைக்காரருடைய பெட்டியை மட்டும் எடுத்துச் சுவரில் அடித்தாள்.

“கெங்கவல்லிக்குப் போயிரலாம்” என்றாள். அங்கே மாப்பிள்ளையின் சித்தப்பா தோட்டம் இருக்கிறது. “இப்பவே, இருக்கற துணியோட.”

“காப்பு கட்டியிருக்குது” என்றார் மாப்பிள்ளை.

“அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

“அம்மனுக்குச் சொல்லிப்போடுவ. ஊருக்கு? நாளைக்கு எவன் ஊட்லயாவது ஒரு கொழந்தைக்கு அம்மை போட்டா என்னாலதான்னு சொல்லுவானுக. அப்புறம் கை மட்டும் போவாது.”

“கை போனா என்ன பண்ணுவீங்க? தறி ஓட்டுவீங்களா, டிஷ்ஷு வெப்பீங்களா? சோத்துக்கு எந்தக் கைய நீட்டறது?”

அவர் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களை எனக்குத் தெரியும். டிஷ்ஷின் முனையில் இருக்கும் குமிழை மயிரிழை அளவு திருப்பி, மீட்டரைப் பார்க்காமலே படம் வரும் இடத்தில் நிறுத்தும் விரல்கள். அறுந்த பாவு நூலை ஓடுகிற தறியிலேயே முடிச்சுப் போடும்.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். மிரட்டல் என்று எழுதிக் கொடுக்க நினைத்தேன். மேஜையில் இருந்தவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “எதுக்கு மிரட்டறாரு?” கார்டைச் சொல்லாமல் அதற்குப் பதில் இல்லை. கார்டைச் சொன்னால் முதலில் உள்ளே போவது மாப்பிள்ளை. “நோம்பித் தகராறுங்க” என்றேன். “அப்ப நோம்பி முடிஞ்சு வாங்க” என்றார்.

கம்பம் பிடுங்கிய நாள் புதன்கிழமை. காலையிலேயே மஞ்சள் நீர் ஆரம்பித்துவிட்டது. முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் குடம் குடமாக ஊற்றிக்கொண்டு, சட்டை முகம் எல்லாம் மஞ்சளாக, கம்பத்துக்குப் பின்னால் ஆற்றுக்குப் போனோம். தங்கையும் எவர்சில்வர் குடத்தில் மஞ்சள் நீரோடு வந்தாள். மாப்பிள்ளையை எனக்கும் அவளுக்கும் நடுவில் நடக்க வைத்தோம். கூட்டத்துக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் நினைப்பு.

கம்பத்தைத் தண்ணீரில் விட்டார்கள். அது ஒருமுறை முங்கி எழுந்து பாலத்துப் பக்கம் நகர்ந்தது. பூசாரி படித்துறையில் நின்று வரிசையாகக் காப்பை அவிழ்த்து ஆற்றில் போட்டார். மாப்பிள்ளையின் முறை வந்தபோது கேபிள்காரர் பூசாரியின் கையைப் பிடித்தார்.

“தம்பிக்கு நான் அவுக்கறனுங்க.”

பொறுமையாக முடிச்சை அவிழ்த்தார். காப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தண்ணீரில் போட்டார். பிறகு அந்த மணிக்கட்டை விடவில்லை.

நான் முன்னால் போனேன். இரண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். மூன்றாவது ஆளின் முழங்கை என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. அதைத் துப்பிவிட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளை மண்டியிட்டிருந்தார். அவர் முதுகில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். துணி துவைக்கிற கல்லின் மேல் வலது கையை நீட்டிப் பிடித்திருந்தார்கள்.

கேபிள்காரர் கட்டையைத் தானே எடுத்து அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“மாமா, வாங்க. மொதல்ல மாடி ஏறுனது நீங்கதான? ஒரே ஒரு அடி. அடிச்சுட்டு ஊட்டுக்குப் போங்க. உங்க மாடீல என்ன இருக்குதுன்னு அப்புறம் நான் பாக்கவே மாட்டேன்.”

பட்டறைக்காரர் நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவன் அவரைத் தள்ளினான். கட்டையைக் கையில் திணித்தார்கள்.

“மாமா” என்றார் மாப்பிள்ளை கல்லின் மேலிருந்து.

பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கட்டை தோலில் பட்டு நழுவியது.

“இதென்னங்க, தடவிக் குடுக்கறீங்க? நோம்பிச் சோறு திங்கலீங்களா?” என்றார் கேபிள்காரர். ஆட்கள் சிரித்தார்கள். கூட்டத்திலும் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் பட்டறைக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது. முகம் கறுத்தது. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி இறக்கினார். முற்றிய கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கத்திய சத்தம் எனக்கு நினைவில் இல்லை. எலும்பு ஒடிந்த அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது.

கட்டை அடுத்த ஆளுக்குப் போயிற்று. எதிர்வீட்டுக்காரர். அவர் தயங்கவில்லை, அடித்துவிட்டுக் கட்டையைக் கீழே போட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். அதற்கடுத்தவர் விரல்களின் மேல் அடித்தார். நான்காவது ஆளை இழுத்து வந்தபோது தங்கை படியிறங்கிவிட்டாள்.

குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. தண்ணீரோடு குடத்தைத் தூக்கிக் கேபிள்காரரின் முகத்தில் அடித்தாள். குடத்தின் விளிம்பு மூக்கைச் சிதைத்து இடது கண்ணில் இறங்கியது. அவர் உட்கார்ந்த வாக்கில் சரிந்தார். மஞ்சள் தண்ணீரில் ரத்தம் கலந்து ஆரஞ்சு நிறமாகப் படியில் ஓடியது. அவள் மறுபடி குடத்தை ஓங்கினாள். ஓர் ஆள் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துப் படியில் மோதினான்.

அதுவரை ஆணி அடித்த மாதிரி நின்ற கூட்டம் அப்போது பாய்ந்தது. பொம்பளை மேல் கை வைத்துவிட்டான் என்று ஒரு குரல். எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது. என்னைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடப் பார்த்தார்கள். ஒருவனைப் படித்துறையிலேயே கீழே தள்ளி முழங்காலின் மேல் கல்லைப் போட்டார்கள். தங்கையின் கூந்தலைப் பிடித்தவனைத் தண்ணீருக்குள் இழுத்துப்போய்த் தலையை அமுக்கினார்கள். அமுக்கியவர்களில் பட்டறைக்காரரும் இருந்தார். சற்று முன் அடித்த அதே இரண்டு கைகளால், அதைவிடப் பலமாக. வாய்விட்டு அழுதுகொண்டே அமுக்கினார். பரிசல்காரர் ஒருவர் துடுப்பால் அவர் முதுகில் அடித்து விலக்கி, அந்த ஆளை மேலே இழுத்தார். வயிறு உப்பியிருந்தது, உயிர் இருந்தது.

மதியம் கண்ட்ரோல் ரூமைக் கொளுத்தினார்கள். ஒயர் எரிகிற கரும்புகை பாலம் வரை போயிற்று. நான் அதைப் பார்த்தது ஈரோட்டுக்குப் போகும் காரின் பின்கண்ணாடி வழியாக. மாப்பிள்ளையின் கையை ஒரு தலையணையின் மேல் வைத்து, தங்கையும் நானும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தோம். தங்கையின் நெற்றி பிளந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவே இல்லை. “வெரல ஆட்டுங்க, ஆட்டிப் பாருங்க” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். சுண்டுவிரல் மட்டும் அசைந்தது.

வழக்கு இரண்டு பக்கமும் போட்டார்கள். சாட்சி ஒருவரும் இல்லை. படித்துறையில் அன்று அத்தனை பேர் இருந்தும், எல்லாரும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கேபிள்காரருக்கு ஒரு கண் போயிற்று. லைனை வேறொருவருக்கு விற்றுவிட்டு மோகனூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கார்டையும் கம்ப்யூட்டரையும் தங்கை பழைய இரும்புக்குப் போட்டாள். தெருவில் அவரவர் பெயரில் கார்டு வாங்கி, டிஷ்ஷை மாடியில் தெரியும்படி வைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் கைக்குள் தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. இறுகப் பிடிக்க முடியாது, நூல் பிடிக்க முடியாது. தறிகளைத் தங்கைதான் ஓட்டுகிறாள்.

ஆடி மாதம், காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு மதியம். நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். பட்டறைக்காரர் வாசலில் வந்து நின்றார். மாசிக்குப் பிறகு அந்த வாசலில் அவர் நிற்பது அதுதான் முதல் தடவை.

“சாமி, மாப்ள இருக்காருங்களா? டிஷ்ஷு காத்துக்கு அசைஞ்சுபோச்சு. படம் கட்டங்கட்டமா ஒடயுது.”

தங்கை நிலைப்படியை விட்டு நகரவில்லை. “அவருக்குக் கை மடங்காதுங்களே.”

“வந்து நின்னு சொன்னாப் போதும் கண்ணு. நானே திருப்பிக்கறேன்.”

“அவரு எதுக்குங்க மாமா?” என்றாள். “கட்டைய எடுத்து ரெண்டு போடு போடுங்க. மொத அடில வராது. ரெண்டாவதுல வந்துரும்.”

பட்டறைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வெயிலில் அவர் வழுக்கை மின்னியது. உள்ளே மாப்பிள்ளை இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பருக்கைகள் தட்டுக்கு வெளியே சிதறின. தலை நிமிராமல் சொன்னார்.

“வெயில்ல வந்திருக்காரு. தண்ணி குடுத்து அனுப்பு.”

சொம்பு தங்கையின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. பட்டறைக்காரர் சொம்பைப் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். தங்கை உள்ளே வந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிய பருக்கைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.